கார் விற்காமலே ராயல்டி வாங்கியவர்: யார் இந்த ஜார்ஜ் செல்டன்?

காப்புரிமை வழக்கில் ஜெயித்தால் பணம் கொட்டும் என்று நம்பி ஒரு கம்பெனியில் முதலீடு செய்யலாமா? நூறு வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள்.

1846-ல் பிறந்த ஜார்ஜ் செல்டன், ரோசெஸ்டர் நகரில் காப்புரிமை வக்கீல். கோடக் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மன்கூட இவருடைய கட்சிக்காரர்தான். 1876 பிலடெல்பியா கண்காட்சியில் பிரேட்டன் என்ஜினைப் பார்த்தார். அதைச் சின்னதாக்கி வண்டியில் பொருத்தும் யோசனைக்கு 1879-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

ஆனா, அவசரப்படவில்லை. திருத்தம் மேல் திருத்தம் கொடுத்து 16 வருஷம் இழுத்தார். காரணம், அன்றைய சட்டப்படி காப்புரிமை கையில் கிடைத்த பிறகுதான் 17 வருஷக் கணக்கு தொடங்கும். கார் தொழில் முளைவிட்ட 1895-ல் காப்புரிமை வந்தது.

1899-ல் பெரும் பணக்காரர் வில்லியம் விட்னி தரப்பின் எலெக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி அந்த உரிமையை வாங்கியது. பல கார் கம்பெனிகள் 1903-ல் சங்கம் அமைத்து, கார் விலையில் 1.25 சதவீதம் ராயல்டி கட்ட ஒப்புக்கொண்டன. அப்போதுதான் கம்பெனி தொடங்கியிருந்த ஹென்றி ஃபோர்டு மறுத்தார். அதே வருஷம் அவர்மேல் வழக்கு பாய்ந்தது.

1909-ல் செல்டன் தரப்புக்கு வெற்றி. 1911 ஜனவரியில் மேல்முறையீட்டில் எல்லாம் தலைகீழ். காப்புரிமை செல்லும், ஆனால் அது பிரேட்டன் வகை என்ஜின் வண்டிக்கு மட்டும்தான், ஃபோர்டு பயன்படுத்துவது ஓட்டோ வகை என்றது நீதிமன்றம்.

உரிமையை வாங்கிய கம்பெனி 1907-லேயே திவால். ஃபோர்டோ, மாடல் டி காரால் எங்கேயோ போய்விட்டார். செல்டன் 1922-ல் மறைந்தார்.

காப்புரிமை எதுவரை செல்லும்? தீர்ப்பு வரும்வரை கம்பெனி தாங்குமா? பணம் போடும் முன் இந்த இரண்டையும் கேட்டுக்கொள்வது நல்லது.