கணக்குக்காகக் காத்திருந்த கேமரா

1908இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற காப்ரியேல் லிப்மன், வண்ணப் புகைப்படத்துக்காக நினைவுகூரப்படுகிறார். அதே ஆண்டு மார்ச் 2 அன்று பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அவர் முன்வைத்த மற்றொரு கருத்தைப் பொதுவெளியில் பேசுவோர் குறைவு. இன்றைய கைப்பேசி வரை வந்து சேர்ந்திருப்பது அந்தக் கருத்தே.

1845இல் லக்சம்பர்க்கில் பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்த லிப்மன், சிறுவயதிலேயே பாரிஸுக்கு வந்தார். விரும்பிய பாடங்களில் மட்டுமே ஆழ்ந்ததால் ஆசிரியர் தகுதித் தேர்வில் தோற்றார். (நம் தேர்வு முறை அவரை எங்கே நிறுத்தியிருக்குமோ!) இருப்பினும் 1873இல் அரசே அவரை ஆய்வுக்காக ஜெர்மனிக்கு அனுப்பியது. பத்தாண்டுகளில் சோர்போன் பேராசிரியரானார். மேரி கியூரிக்குத் தம் ஆய்வகத்தில் இடமளித்தவரும், யுரேனியக் கதிர்கள் குறித்த அவருடைய முதல் கட்டுரையை 1898இல் அறிவியல் கழகத்தில் சமர்ப்பித்தவரும் இவரே.

பரிசு பெற்ற வண்ண முறையில் நீண்ட நேரம் ஒளி காட்ட வேண்டும், நகலெடுக்க இயலாது. 1907இல் விற்பனைக்கு வந்த லூமியேர் சகோதரர்களின் ஆட்டோகுரோம் தகடு அதை ஓரங்கட்டியது.

மற்றொரு கருத்து இன்னும் ஆழமானது. சாதாரண கேமராவில் ஒரு புள்ளியில் விழும் கதிர்கள் அனைத்தும் ஒன்றாகக் கூடிவிடுகின்றன. எத்திசையிலிருந்து எவ்வளவு ஒளி வந்தது என்ற விவரம் அங்கேயே அழிகிறது. மொத்தத்தை மட்டும் எழுதி, தனித்தனி வரவுகளை விட்டுவிட்ட கணக்கேட்டைப் போன்றது அது. பூச்சியின் கூட்டுக்கண்போலத் தகடெங்கும் நுண்ணிய லென்ஸ்களைப் பதித்தால், ஒவ்வொன்றும் சற்றே மாறிய கோணத்தில் ஒரு சிற்றுருவத்தைப் பதியும். திசையும் பிழைக்கும் என்றார் லிப்மன். அத்தகைய தகட்டைச் செய்வதே அன்று பெரும்பாடு. அதில் பதிந்ததைக் கணக்கிட்டுப் புதிய படமாக்கும் கருவியோ அறவே இல்லை. பொருளியலில் நிரப்புப் பண்டம் என்போம்: பேனா இருந்தது, மை இல்லை. அதைத் தோல்வி என்று எழுதுவது நியாயமன்று.

1921 ஜூலையில், வட அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில், கப்பலிலேயே லிப்மன் காலமானார். மை கிடைக்க மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. 1992இல் எம்ஐடியைச் சேர்ந்த அடெல்சனும் வாங்கும் இக்கருத்தைக் கணினியுடன் இணைத்தனர். 2005இல் ஸ்டான்ஃபோர்டில் ரென் இங் குழுவினர், படமெடுத்த பின்னரும் குவியத்தை மாற்றக்கூடிய கையடக்கக் கேமராவை உருவாக்கினர். விலையும் இருந்தது: ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட படப்புள்ளிகள் கொண்ட உணரியிலிருந்து ஏறத்தாழ 90,000 புள்ளிகளே கொண்ட படம் கிடைத்தது. எஞ்சியவை திசையைப் பதியச் செலவாயின. அக்கேமராவை விற்க ரென் இங் தொடங்கிய லைட்ரோ நிறுவனம் 2018இல் மூடப்பட்டது.

கைப்பேசிகள் சிக்கனமான வழியைக் கண்டன. 2017இல் வந்த கூகுள் பிக்ஸல் 2இல், ஒவ்வொரு நுண்லென்ஸின் கீழும் இரண்டே பதிவுகள், இடமும் வலமுமாக. அவற்றிடையே உள்ள சிறு வேறுபாட்டிலிருந்து தொலைவைக் கணித்து, முகத்துக்குப் பின்னுள்ளவற்றை மென்பொருள் மங்கலாக்குகிறது.