மூன்று மகன்களை இழந்த ஏடன் முதலமைச்சர்

செங்கடலின் வாசலில் இருக்கும் ஏடனை ஆங்கிலேயர் 1839-ல் பிடித்தார்கள். 1937 வரை அதை இந்தியாவோடு சேர்த்தே ஆண்டார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பிறகு அது தனிக் காலனியானது. அந்த ஊரின் முதலமைச்சராக 1965 மார்ச்சில் பொறுப்பேற்றவர் அப்துல் கவி மக்காவி.

பொறுப்பேற்ற நேரம் சரியில்லை. 1963 டிசம்பரில் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் மீது விமான நிலையத்தில் குண்டு வீசப்பட்டதிலிருந்து அவசரநிலை நீடித்தது. பக்கத்து வட யமனில் எகிப்துப் படை நின்றது. பிரிட்டனை அரபு மண்ணிலிருந்து விரட்டுவோம் என்று நாஸர் பகிரங்கமாக அறிவித்திருந்தார். சட்டமன்றம் இருந்தது, ஆனால் துறைமுகத்தில் உழைத்த வட யமன் தொழிலாளர்களுக்கு வாக்கு இல்லை.

அவசரநிலையை நீக்குங்கள், கைதிகளை விடுங்கள், ஐ.நா. தீர்மானத்தை நிறைவேற்றுங்கள் என்பவையே மக்காவி வைத்த கோரிக்கைகள். ஆகஸ்டில் லண்டனில் நடந்த பேச்சு முறிந்தது. செப்டம்பர் 1 அன்று சட்டமன்ற சபாநாயகர் சர் ஆர்தர் சார்லஸ், டென்னிஸ் ஆடிவிட்டுத் திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். மக்காவி அந்தக் கொலையைக் கண்டிக்கவில்லை. தம் சபையின் தலைவரைக் கொன்றவர்களைக் கண்டிக்க அவர் ஏன் தயங்கினார்? அரசியல் கணக்கு இருந்திருக்கலாம். ஆனாலும் அது பிழை என்றே நான் கருதுகிறேன்.

அதற்காக ஓர் அரசியலமைப்பையே முடக்கியது நியாயமாகிவிடாது. செப்டம்பர் 25 அன்று ஹை கமிஷனர் சர் ரிச்சர்டு டர்ன்புல் மக்காவியைப் பதவி நீக்கி, சட்டமன்றத்தையும் முடக்கி, ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். வாதாடுவதற்கென்று இருந்த ஒரே சபையும் போனது. அடங்கவேண்டிய கலவரமோ கூடியது.

மக்காவி நாட்டைவிட்டு வெளியேறி, 1966 ஜனவரியில் உருவான ஃப்ளோஸி விடுதலை முன்னணியின் தலைவர்களில் ஒருவரானார். அதே முன்னணிக்கும் என்.எல்.எஃப். என்ற இன்னொரு விடுதலை இயக்கத்துக்கும் ஏடன் தெருக்களில் துப்பாக்கிச் சண்டை மூண்டது. முஸ்லிம் முஸ்லிமைச் சுட்டான்.

1967 பிப்ரவரியில் ஏடனிலிருந்த அவர் வீட்டில் குண்டு வெடித்தது. அவருடைய மூன்று மகன்கள் கொல்லப்பட்டார்கள். தகப்பனார் அப்போது ஊரில் இல்லை.

அவ்வருடம் நவம்பர் இறுதியில் பிரிட்டிஷ் படை வெளியேறியது. ஆட்சி என்.எல்.எஃப். கைக்குப் போனது. சுதந்திர ஏடனில் மக்காவிக்கு இடமில்லை. வெளிநாட்டில் இருந்தபடியே அந்த அரசை எதிர்த்து வந்த அவர், 1998-ல் வஃபாத்தானார்.