வரைபடத்தில் இல்லாத ஊர்

சில ஊர்களை மன்னர்கள் கட்டினார்கள். சில ஊர்களை வணிகர்கள் வளர்த்தார்கள். கதைகள் எழுப்பிய ஊர்களும் இவ்வுலகில் உண்டு. சுவிட்சர்லாந்தில் மையன்ஃபெல்ட் என்னும் சிற்றூருக்கு மேலே, மலைச்சரிவில் 'ஹைடி கிராமம்' இருக்கிறது. யோஹன்னா ஸ்பீரி என்ற பெண்மணி 1880-ஆம் ஆண்டில் எழுதிய சிறுவர் கதையின் நாயகிதான் ஹைடி. தாத்தாவோடு ஆல்ப்ஸ் மலையில் வாழும் பெற்றோரில்லாச் சிறுமி அவள். உலகில் பிறந்தே இராத அந்தச் சிறுமியின் வீட்டைப் பார்க்கப் பல நாட்டு மக்கள் மலையேறிச் செல்கிறார்கள். 1974-இல் வெளிவந்த ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் அவளை ஆசியப் பிள்ளைகளுக்கும் நெருக்கமானவளாக ஆக்கியது.

ஜொகூரில் வளர்ந்த எனக்குக் கதை வாழும் இடம் என்றால் லேடாங் மலையும் அதன் இளவரசியும்தான். அதே மாதிரி ஓர் இடத்தைத் தமிழர் ஒருவரின் எழுத்தும் உருவாக்கியிருக்கிறது என்று அறிந்தபோது, அதை நேரில் காணும் ஆவல் பிறந்தது. கர்நாடக மாநிலத்தில், ஷிவமொக்காவிலிருந்து தாளகுப்பா செல்லும் இருப்புப்பாதையில் அரசாளு என்ற சிறிய இரயில் நிலையம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய பசுமையான பகுதி அது. அங்கிருக்கும் பழைய நிலையக் கட்டடத்தைப் புதுப்பித்து, 2020-ஆம் ஆண்டில் 'மால்குடி அருங்காட்சியகம்' ஆக்கியிருக்கிறது இரயில்வே. பழைய பெட்டி ஒன்றில் தேநீர்க் கடையும் உண்டு. சங்கர் நாக் இயக்கி, 1980-களில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'மால்குடி டேஸ்' தொடரில் மால்குடி நிலையமாக நடித்தது இந்த அரசாளுதான். தெருக்காட்சிகளை அருகிலுள்ள ஆகும்பே கிராமத்தில் எடுத்தார்கள். அத்தொடரின் கலை இயக்குநரான ஜான் தேவராஜே இந்த அருங்காட்சியகத்தையும் வடிவமைத்திருக்கிறார்.

சுவாமிநாதன் என்ற பள்ளிச் சிறுவனும் அவன் நண்பர்களும் அங்கே சுவர்களில் வாழ்கிறார்கள். அவர்களைப் படைத்தவர் ஆர்.கே. நாராயண். 2001-ஆம் ஆண்டில், இன்று பல்கலைக்கழகத்தில் பயிலும் பலர் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்ட அவருடைய வாழ்க்கையை நம் மாணவர்கள் அறிந்துகொள்வது அவசியம் எனக் கருதுகிறேன். அவர் தேர்வில் தோற்ற மாணவர் என்பதே அதற்கு முதற்காரணம்.

இராசிபுரம் கிருஷ்ணசாமி ஐயர் நாராயணசாமி என்ற முழுப்பெயர் கொண்ட அவர், 10 அக்டோபர் 1906-இல் சென்னையில் பிறந்தார். தந்தை மைசூர் சமஸ்தானத்தில் பள்ளித் தலைமையாசிரியர். பிள்ளைப் பருவத்தின் பெரும்பகுதியைப் புரசைவாக்கத்தில் பாட்டியின் வீட்டில்தான் கழித்தார். அங்கே அவருக்கு விளையாட்டுத் துணை ஒரு மயிலும் ஒரு குரங்கும். கணக்கு, புராணக் கதைகள், சமஸ்கிருதம், கர்நாடக இசை எனப் பாட்டி கற்பித்தவை ஏராளம். பின்னாளில் அவர் கதைகளில் வரும் பாட்டிமார்களின் கனிவுக்கு ஊற்றுக்கண் இந்த வீடே எனலாம்.

பிறகு மைசூரில், தந்தை தலைமையேற்ற பள்ளியிலேயே படித்தார். அப்பள்ளியின் நூலகம் அவருக்குத் திறந்து கிடந்தது. கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தார். பாடநூலை மட்டும் அவ்வளவாக வாசிக்கவில்லை! விளைவு, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோல்வி. தலைமையாசிரியரின் மகன் தோற்றான் என்றால் ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். ஓராண்டு வீட்டிலிருந்தபடியே படித்தார், எழுதிப் பார்த்தார். 1926-இல் தேர்ச்சி பெற்று மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் பெறவும் மற்றவர்களைவிட ஓராண்டு கூடுதலாகப் பிடித்தது. ஆசிரியர் வேலை கிடைத்தது. அதில் அவர் நிலைக்கவில்லை. எழுதித்தான் பிழைப்பேன் என்று முடிவெடுத்தார். அக்காலத்தில் அது குடும்பத்தாருக்கு எவ்வளவு கவலை அளித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1930-ஆம் ஆண்டு விஜயதசமி நன்னாள். பாட்டி குறித்துக் கொடுத்த நாளில் பெங்களூரில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுத அமர்ந்தார். அவர் மனத்தில் முதலில் தோன்றியது ஒரு சிறிய இரயில் நிலையம். அதன் பெயர்ப்பலகையில் மால்குடி என்றிருந்தது. எந்த வரைபடத்திலும் இல்லாத அவ்வூர் அன்றுதான் பிறந்தது. அங்கே இறங்கிய முதல் சிறுவன் சுவாமி. திங்கட்கிழமை காலையை வெறுப்பவன், கணக்கைக் கண்டு நடுங்குபவன், கிரிக்கெட் குழு அமைத்துக் கனவு காண்பவன்.

பதிப்பகங்கள் பல அந்நூலைத் திருப்பி அனுப்பின. மனம் வெறுத்த நாராயண், ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் பூர்ணாவுக்குக் கையெழுத்துப் படியை அனுப்பி, கல்லைக் கட்டித் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிடும்படி எழுதினார். நண்பரோ அதை ஆற்றில் போடாமல் எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் சேர்த்தார். கிரீனின் பரிந்துரையால் 1935-இல் 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்' லண்டனில் வெளிவந்தது. நீண்ட பெயர் ஆர்.கே. நாராயண் எனச் சுருங்கியதும் கிரீனின் யோசனையால்தான். நட்பின் பெருமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

புத்தகம் அப்போது பெரிதாக விற்கவில்லை. வருவாய்க்காகச் சென்னையிலிருந்து வெளிவந்த 'ஜஸ்டிஸ்' நாளேட்டுக்கு மைசூர்ச் செய்தியாளராக அலைந்தார். கோயம்புத்தூரில் கண்டு காதலித்த ராஜத்தை, ஜாதகம் பொருந்தாது என்ற எதிர்ப்பையும் மீறி 1934-இல் மணந்திருந்தார். 1939-இல் டைஃபாய்டு காய்ச்சல் ராஜத்தைக் கொண்டு சென்றது. சிறுமியான மகள் ஹேமாவோடு நின்ற நாராயண், சில காலம் எழுதவே இயலாமல் போனார். அத்துயரத்திலிருந்து மீண்டு எழுதியதே 1945-இல் வந்த 'தி இங்கிலிஷ் டீச்சர்'. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1958-இல் வெளிவந்த 'தி கைடு' அவருக்குச் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றுத் தந்தது. அது 1965-இல் இந்திப் படமானபோது, கதை மால்குடியை விட்டு இராஜஸ்தானுக்குப் போய்விட்டது. அந்த வருத்தத்தை அவர் கட்டுரையாகவே எழுதினார். பெரிய பணம் இடம் மாற்றிய மால்குடியை, இருபது ஆண்டுகளுக்குப் பின் சின்னத்திரை மீண்டும் கர்நாடகத்துக்குக் கொண்டுவந்தது. தம்பி ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்களும் எல். வைத்தியநாதனின் இசையும் அதற்கு அழகு சேர்த்தன.

இவ்வளவு புகழுக்குப் பின்னும் அவர் சுவாமியை மறக்கவில்லை என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. 1986-இல் அவர் இந்திய நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். எண்பது வயதை எட்டிய உலகறிந்த எழுத்தாளர், தம் முதல் உரையில் எதைப் பேசுவார்? இலக்கியத்தையா, மொழியையா? அவர் பேசியது பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப்பையைப் பற்றி. அதன் சுமையால் குழந்தைகள் கூன் விழுந்து நடப்பதையும், விளையாடவும் கனவு காணவும் நேரமின்றி வாடுவதையும் அவையில் எடுத்துரைத்தார். அதன் தாக்கம் வீண்போகவில்லை. பாடச்சுமையை ஆராய 1992-இல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, மறு ஆண்டே அறிக்கையும் வந்தது. தேர்வில் தோற்ற ஒரு பையனின் குரல் அறுபது ஆண்டுகள் கழித்து நாட்டின் சட்ட மன்றத்தில் ஒலித்தது என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

13 மே 2001 அன்று, 94-ஆம் வயதில் சென்னையில் காலமானார். மைசூர் யாதவகிரியில் அவர் கட்டி வாழ்ந்த வீடு 2011-இல் இடிபடத் தொடங்கி, மக்கள் எதிர்ப்பால் காப்பாற்றப்பட்டு, 2016-இல் நினைவில்லமாயிற்று.

தமிழ் மலரில் ஆங்கிலத்தில் எழுதியவரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அவர் எழுதிய மொழி ஆங்கிலம்தான். ஆனால் அதில் அசைந்தது புரசைவாக்கத்துப் பாட்டியின் ஊஞ்சல். மேலும், அவர் பேசிய சிக்கல் நம்முடையதும்கூட. மலேசியாவில் 2021-இல் யுபிஎஸ்ஆர் தேர்வும், 2022-இல் பிடி3 தேர்வும் அகற்றப்பட்டன. ஆயினும் தோளில் தொங்கும் பையின் கனத்தைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. எத்தனை 'ஏ' என்று கேட்கும் பழக்கமும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. நம்மில் பலர் நாளை ஆசிரியர்களாகவும் பெற்றோர்களாகவும் ஆகப்போகிறவர்கள். மதிப்பெண் பட்டியலில் கீழே நிற்கும் பிள்ளையின் மனத்தில் வரைபடத்தில் இல்லாத ஓர் ஊர் உருவாகிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை நாம் மறக்கலாகாது.

அந்தச் சிறுவர் நாவல் முடிவதும் மால்குடி இரயில் நிலையத்தில்தான். ஊரை விட்டுப் போகும் நண்பன் ராஜத்துக்குச் சுவாமி கொடுக்க நினைத்த பரிசு பாடநூல் அன்று. ஆண்டர்சனின் தேவதைக் கதைப் புத்தகம். பிள்ளைக்கு எது செல்வம் என்பதைச் சுவாமி அறிந்திருந்தான். பெரியவர்களாகிய நாமும் அதை அறிந்துகொண்டால், அதுவே ஆர்.கே. நாராயணுக்கு நாம் செய்யும் உண்மையான அஞ்சலியாகும்.