கொட்டகையில் உருவான சாதனை வண்டி

குழந்தைகளே! உங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் இருக்கிறதா? அதற்கு என்ன வயது? பத்து வயதாகிவிட்டால் போதும், அதை விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். ஆனால், 47 வயதான ஒரு மோட்டார் சைக்கிளில் உலக சாதனை படைத்தார் ஒருவர். அப்போது அவருக்கு வயது 68. அந்த வண்டியின் எஞ்சின் பாகங்களில் பலவற்றைத் தன் கையாலேயே செய்திருந்தார் அவர். அவர்தான் நியூசிலாந்து நாட்டின் பர்ட் மன்றோ.

நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள ஊர் இன்வர்கார்கில். அங்கே 1899-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி மன்றோ பிறந்தார். இரட்டைக் குழந்தைகளில் ஒருவர் அவர். கூடப் பிறந்த சகோதரி பிறக்கும்போதே இறந்துவிட்டாள். இந்தக் குழந்தையும் இரண்டு வயதைத் தாண்டாது என்று டாக்டர்கள் பெற்றோரிடம் கூறிவிட்டார்கள். ஆனால் குழந்தை பிழைத்துக் கொண்டது. அருகில் உள்ள ஈடன்டேல் என்ற ஊரில், தந்தையின் பண்ணையில் வளர்ந்தது.

சிறு வயதிலேயே மன்றோவுக்கு வேகம் என்றால் உயிர். பண்ணைக் குதிரையில் ஏறினால் நான்கு கால் பாய்ச்சல்தான்! கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அப்போதுதான் உலகில் பரவத் தொடங்கியிருந்தன. அவற்றின் மீது அவருடைய மனம் சென்றது.

1920-ம் ஆண்டு, தன் 21-வது வயதில், ஒரு புது மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதன் பெயர் இந்தியன் ஸ்கவுட். பெயரைப் பார்த்து நம் நாட்டு வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் இருந்த இந்தியன் என்ற கம்பெனி தயாரித்த வண்டி அது. அதன் எஞ்சின் 600 சி.சி. அளவு கொண்டது. எவ்வளவு விரட்டினாலும் மணிக்கு 89 கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் போகாது.

அந்தக் காலத்தில் அது நல்ல வேகம்தான். ஆனால் மன்றோவுக்குப் போதவில்லை. 1926-ம் ஆண்டு வண்டியைப் பிரித்து மாற்றி அமைக்க ஆரம்பித்தார். அன்று தொடங்கிய வேலை 40 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது!

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? சிலிண்டர் என்பது ஓர் உருளை. அதற்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்றன. எரியும்போது உண்டாகும் வாயு, பிஸ்டன் என்ற பாகத்தைப் பலமாகத் தள்ளுகிறது. பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடு என்ற தண்டு அந்தத் தள்ளுதலைச் சுழற்சியாக மாற்ற உதவுகிறது. அந்தச் சுழற்சிதான் சங்கிலி வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. வேகம் வேண்டும் என்றால் எஞ்சினில் அதிக சக்தி உண்டாக வேண்டும். சக்தி கூடினால் வெப்பமும் கூடும், பாகங்களின் மீது விழும் அடியும் கூடும். பிஸ்டன் உருகும், தண்டு முறியும்.

மன்றோவுக்கும் அதுதான் நடந்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று உடையும். அதைப் பலமாகச் செய்து மாட்டினால் வேறொன்று உடையும். ஒரு சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ, அது முதலில் அறுந்துபோகும் அல்லவா? அதைப் போலத்தான்.

புதிய பாகங்கள் வாங்க அவரிடம் பணம் இல்லை. மோட்டார் சைக்கிள் விற்கும் வேலை செய்து வந்தார். பகலில் வேலை, இரவில் வண்டி என்று நாட்கள் ஓடின. வேண்டிய பாகங்களைத் தானே செய்துகொண்டார்.

இட்லித் தட்டின் குழியில் மாவு ஊற்றினால் அந்த வடிவத்தில் இட்லி கிடைக்கிறது. அதுபோல உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றினால் வேண்டிய வடிவம் கிடைக்கும். இதற்கு வார்ப்பு என்று பெயர். மன்றோ பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்துப் பாகங்களை வார்த்தார். கனெக்டிங் ராடு செய்ய டிராக்டர் அச்சின் உறுதியான எஃகை எடுத்து, அரத்தால் ராவினார். மிகச் சிறிய அளவுகளை அளக்க மைக்ரோமீட்டர் என்ற கருவி வேண்டும். அதற்குப் பதிலாக அவர் பயன்படுத்தியது என்ன தெரியுமா? பழைய சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பி!

1940-களின் கடைசியில் வேலையையும் விட்டுவிட்டார். மனைவியைப் பிரிந்து, வண்டி நிறுத்தும் ஒரு சிறு கொட்டகையிலேயே குடியேறினார். வீடு, பட்டறை எல்லாம் அதுதான். வண்டிக்காகக் குடும்ப வாழ்க்கையை ஒதுக்கி வைத்தது சரியா என்று கேட்டால், சரி என்று சொல்ல என்னால் முடியவில்லை. சாதனைக்கு அவர் கொடுத்த விலை அது.

அந்தக் கொட்டகையில் ஓர் அலமாரி இருந்தது. ஓட்டும்போது உடைந்த பிஸ்டன்கள், முறிந்த தண்டுகள், உருகிய துண்டுகள் எல்லாவற்றையும் அதில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அவை எல்லாம் வேகத்தின் கடவுளுக்குச் செலுத்திய காணிக்கை என்று அங்கே எழுதியும் வைத்திருந்தார். தோல்விகளை ஒளித்து வைக்காத மனிதர்!

ஊருக்கு அருகில் ஒரேட்டி என்ற நீண்ட கடற்கரை உண்டு. அதன் மணல் இறுகி, சாலை போல இருக்கும். மன்றோ அங்கேதான் வண்டியைச் சோதித்துப் பார்ப்பார். 1957-ம் ஆண்டு அங்கே மணிக்குச் சுமார் 211 கிலோ மீட்டர் வேகத்தில் ஓட்டி, நியூசிலாந்தின் கடற்கரை சாதனையைப் படைத்தார். ஆனால் அவருடைய வண்டி இன்னும் வேகமாகப் போகத் துடித்தது. கடற்கரை போதவில்லை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் போனவில் என்ற இடம் இருக்கிறது. முன்பு பெரிய ஏரியாக இருந்து வற்றிப்போன நிலம் அது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெளேர் என்று உப்புப் படிந்து, பலகை போலச் சமமாக இருக்கும். உலகின் வேகப் பிரியர்கள் அங்கே கூடுவார்கள்.

1950-களின் கடைசியிலேயே மன்றோவுக்கு நெஞ்சுவலி வந்திருந்தது. ஆனாலும், கடல் கடந்து தன் வண்டியோடு அங்கே போனார். காற்றைக் கிழித்துச் செல்வதற்காக, மீன் வடிவத்தில் ஒரு கூடு செய்து வண்டியை மூடியிருந்தார். அதற்குள் குப்புறப் படுத்தபடிதான் ஓட்ட வேண்டும்.

1962-ல் எஞ்சினை 850 சி.சி. ஆகப் பெரிதாக்கி, மணிக்கு 288 கிலோ மீட்டர் வேகத்தில் முதல் உலக சாதனை. 1966-ல் இன்னொரு பிரிவில் மற்றொரு சாதனை. 1967-ல் எஞ்சின் 950 சி.சி. ஆகியிருந்தது. 1000 சி.சி.க்கு உட்பட்ட பிரிவில் மணிக்கு 295.453 கிலோ மீட்டர் என்று சாதனை பதிவானது. அதே ஆண்டு தகுதிச் சுற்றில், ஒரு திசையில் மட்டும் ஓடியபோது அந்த வண்டி மணிக்கு 305 கிலோ மீட்டரைத் தாண்டியது. 89 எங்கே, 305 எங்கே!

இந்த சாதனைக்குப் பின்னால் ஒரு கணக்குப் பாடமும் இருக்கிறது. ஒரு திசையில் மட்டும் ஓட்டினால் காற்று உதவி செய்துவிடலாம். அதனால் போகும்போது ஒருமுறை, திரும்பி வரும்போது ஒருமுறை என்று இரண்டு வேகங்களை எடுத்து சராசரி பார்ப்பார்கள். 1967-ல் அந்த சராசரியைப் போடும்போது தவறு நடந்துவிட்டது. பல ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. மன்றோவின் மகன் அதைக் கண்டுபிடித்து அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்துக்குத் தெரிவித்தார். 2014-ம் ஆண்டு சாதனை 296.259 கிலோ மீட்டர் என்று திருத்தப்பட்டது. இறந்து 36 ஆண்டுகள் கழித்து மன்றோவின் வேகம் கூடிவிட்டது! விடைத்தாளை ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது இதற்காகத்தான்.

1977-ல் மன்றோவைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் பழையபடி ஒத்துழைக்கவில்லை. தன் வண்டிகள் சொந்த மண்ணிலேயே இருக்க வேண்டும் என்று விரும்பி, உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் விற்றார். 1978-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, 78-வது வயதில் காலமானார். இரண்டு வயதைத் தாண்டாது என்று சொல்லப்பட்ட குழந்தை! 2005-ம் ஆண்டு அவருடைய கதை சினிமாவாக வந்து உலகம் முழுவதும் ஓடியது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். மன்றோ இந்த வேகத்தைக் காட்டியது கடற்கரையிலும் உப்புத் தரையிலும்தான். மக்கள் நடமாடும் சாலை வேகத்துக்கு உரிய இடம் இல்லை. மோட்டார் சைக்கிள் ஓட்ட உங்களுக்கு உரிய வயதும் உரிமமும் வரவேண்டும். பின்னால் உட்கார்ந்து போனாலும் ஹெல்மெட் அவசியம்.

ஆனால் மன்றோவின் அலமாரியை இன்றே நீங்கள் தொடங்கலாம். பொம்மை காரோ, சைக்கிள் மணியோ உடைந்துவிட்டால் உடனே குப்பையில் போடாதீர்கள். எந்த இடத்தில் உடைந்தது, ஏன் உடைந்தது என்று பாருங்கள். அடுத்த முறை அந்த இடத்தை எப்படிப் பலப்படுத்தலாம் என்று யோசியுங்கள். மன்றோ 40 ஆண்டுகள் செய்தது இதைத்தான்.