கனவில் ஒரு நாடு கண்ட பேகம் ரொக்கையா

கப்பலேறாமலும் கைப்பொருள் செலவழிக்காமலும் உலக நாடுகளை வலம்வர ஒரு வழி உண்டு. அது நல்ல கதை நூல்களைப் படிப்பதாகும். ஸ்விஃப்ட் என்னும் ஆசிரியர் 1726-ஆம் ஆண்டிலேயே கல்லிவரைக் கப்பலேற்றி, ஆறங்குல மனிதர் வாழும் லில்லிபுட் நாட்டை வாசகர்களுக்குக் காட்டினார். பிரான்சு நாட்டு ஜூல்ஸ் வெர்ன், எண்பது நாள்களில் உலகைச் சுற்றிய கதையில் நம் பம்பாயையும் கல்கத்தாவையும் தம் நாட்டவர்க்கு அறிமுகம் செய்தார். அற்புதப் பயணங்கள் நமக்கும் புதியவை அல்ல. நம் திருநாவலூரில் தோன்றிய சுந்தரர் வெள்ளை யானை மீதேறிக் கயிலை சென்றார் என்று பெரியபுராணம் கூறுவதை இவ்வூர்க் குழந்தைகளும் அறிவர்.

இப்பயணங்களில் எல்லாம் புறப்பட்டுச் செல்பவர் ஆண்மகனே. ஆனால் தம் வீட்டு வாசலைத் தாண்டவே இயலாமல் வளர்ந்த ஒரு பெண்மணி, நாற்காலியில் அமர்ந்தபடியே யாரும் காணாத ஒரு நாட்டுக்குச் சென்று வந்தார். அவர் கண்ட நாட்டை முதன்முதலில் அச்சிட்டு உலகுக்குக் காட்டிய பெருமை நம் சென்னை மாநகரைச் சாரும். அப்பெண்மணிதான் பேகம் ரொக்கையா சகாவத் ஹுசைன். அவருடைய வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

இளமைப் பருவம்

ரொக்கையா 1880-ஆம் ஆண்டு ரங்கப்பூர் மாவட்டத்துப் பைராபந்த் என்னும் சிற்றூரில் ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காள தேசத்தில் உள்ளது. தந்தையார் பல மொழிகள் கற்றவர். தம் ஆண்மக்களைக் கல்கத்தாவிலுள்ள தூய சவேரியார் கல்லூரிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். பெண்மக்களுக்கோ குர்ஆன் ஓதுவதும் சிறிதளவு உருதும் போதும் என்று கருதினார். தாய்மொழியாகிய வங்காளத்தைக்கூட அவர்கள் எழுதப் படிக்கக் கற்பது தகாது என்பது அக்குடும்பத்தின் வழக்கம்.

அக்காலத்தில் கோஷா முறை மிகக் கடுமையாக இருந்தது. ஐந்து வயது முதலே, வெளியிலிருந்து வரும் பெண்களின் கண்ணில்கூடப் படாமல் ரொக்கையா ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. விருந்தினர் வந்து தங்கினால், அவர்கள் புறப்படும்வரை பரணிலும் கதவு மறைவிலும் அக்குழந்தை பதுங்கிக் கிடக்க வேண்டும்.

இச்சிறைக்குள்ளும் இரண்டு சன்னல்கள் திறந்தன. படிப்பில் பேரார்வம் கொண்டிருந்தும் சிறு வயதிலேயே மணம் செய்து கொடுக்கப்பட்ட தமக்கை கரீமுன்னிஸா அவருக்கு வங்காளம் கற்பித்தார். தமையன் இப்ராஹிம், வீட்டார் உறங்கிய பின் மெழுகுவர்த்தி ஒளியில் ஆங்கிலம் கற்பித்தார். அந்தச் சிறு சுடரில் கற்ற மொழியிலேயே பின்னாளில் ரொக்கையா தம் புகழ்பெற்ற கதையை எழுதினார். தாம் எழுதிய பத்மராக் என்னும் நாவலைத் தமையனுக்கே காணிக்கையாக்கினார்.

சுல்தானாவின் கனவு

இளவயதிலேயே ரொக்கையா, பீகாரிலுள்ள பாகல்பூரைச் சேர்ந்த சகாவத் ஹுசைன் என்பவருக்கு மணம் செய்விக்கப்பட்டார். டெபுடி மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றிய அவர் வயதில் மிக மூத்தவர், மனைவியை இழந்தவர், ஆனால் பெண் கல்வியில் உறுதியான நம்பிக்கை உடையவர். மனைவி படிக்கவும் எழுதவும் அவர் ஊக்கமளித்தார்.

ஒருமுறை கணவர் அலுவல் காரணமாக இரண்டு நாள் சுற்றுப்பயணம் சென்றிருந்தார். தனிமையில் பொழுது போக்குவதற்காக ரொக்கையா ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். திரும்பி வந்த கணவர் நின்ற நிலையிலேயே அதை முழுவதும் படித்துவிட்டு, ஆண்கள் மீது இது பயங்கரமான பழிவாங்கல் என்று கூறி வியந்தாராம். கமலா சத்தியநாதன் அம்மையார் 1901-இல் சென்னையில் தொடங்கி நடத்திவந்த இந்தியப் பெண்கள் பத்திரிகையில் அக்கதை 1905-ஆம் ஆண்டு வெளிவந்தது. சுல்தானாவின் கனவு என்பது அதன் பெயர்.

கதையில் வரும் சுல்தானா, இந்தியப் பெண்களின் நிலையை எண்ணியபடி ஒரு மாலை தம் அறையில் சாய்ந்திருக்கிறாள். சாரா என்னும் தோழி வந்து அவளை வெளியே அழைத்துச் செல்கிறாள். வெளியே வந்தால் பட்டப்பகல்! முக்காடின்றித் தெருவில் நடக்கச் சுல்தானா கூசுகிறாள். அவ்வூர்ப் பெண்களோ, இவள் ஆணைப்போல் நாணுகிறாளே என்று சிரிக்கிறார்கள். ஏனெனில் அது பெண்ணாடு. அங்கே பெண்கள் நாட்டை ஆள்கின்றனர்; ஆண்களே அந்தப்புரத்தில் இருக்கின்றனர்.

அந்நாட்டு அரசி, பெண்கள் அனைவரும் கல்வி பெறவேண்டும் என்றும், 21 வயதுக்கு முன் எப்பெண்ணுக்கும் திருமணம் கூடாது என்றும் ஆணையிட்டிருந்தார். பெண்களின் பல்கலைக்கழகம் ஒன்று, வானில் பலூனை மிதக்கவிட்டுக் குழாய் வழியே மழைநீரை இறக்கியது. மற்றொன்று, சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கக் கற்றது. ஆண்கள் அப்போது படை பெருக்குவதில் முனைந்திருந்தார்கள். பெண்களின் ஆராய்ச்சியை ஏளனம் செய்தார்கள். அண்டை நாட்டு மன்னன் படையெடுத்து வந்தபோது ஆண்களின் படை தோற்றது. உடனே ஒரு பல்கலைக்கழகத் தலைவி இரண்டாயிரம் மாணவியருடன் களம் புகுந்து, சேமித்த வெயிலைப் பகைவர்மேல் பாய்ச்சினார். வெப்பம் தாளாமல் பகைவர் ஓடினர்.

பெண்ணாட்டு அடுக்களையில் புகையில்லை, கரியில்லை. சூரிய வெப்பத்திலேயே சமையல் நடக்கிறது. கல்வராயன் மலையடிவாரச் சிற்றூர்களில் விறகடுப்பு ஊதிக் கண் சிவந்த நம் பாட்டிமார் அந்த அடுக்களையைக் கண்டிருந்தால் எத்துணை மகிழ்ந்திருப்பர்! நிலத்தை மின்சாரம் உழுகிறது. மக்கள் வான ஊர்தியில் பறந்து செல்கின்றனர். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் விமானம் ஓட்டிய 1903-க்கு இரண்டே ஆண்டுகள் பின் அச்சான கதை இது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஊர்தியிலிருந்து வழுக்கி விழும்போதுதான் சுல்தானா கண் விழிக்கிறாள்; பழைய அறையில், பழைய நாற்காலியிலேயே இருக்கிறாள்.

ஆண்களை அடைத்து வைப்பது மட்டும் நீதியாகுமா என்று நாம் கேட்கலாம். அக்கேள்வியை நம் மனத்தில் எழுப்புவதே கதையின் நோக்கம். ஆணை அடைப்பது அநீதி என்று நமக்குத் தோன்றுமானால், பெண்ணை அடைத்ததும் அநீதிதானே! தொலைவிலுள்ள ஒரு கற்பனை நாட்டைக் காட்டி, வாசகரைத் தம் வீட்டையே புதிய கண்ணால் பார்க்கச் செய்துவிட்டார் ரொக்கையா.

கனவு பள்ளியானது

ரொக்கையாவின் வாழ்வில் துயரங்கள் தொடர்ந்தன. பெற்ற பெண் குழந்தைகள் இருவரும் கைக்குழந்தைகளாக இருக்கும்போதே இறந்தனர். 1909-இல் கணவரும் காலமானார். பெண்கள் பள்ளிக்கென அவர் ஒதுக்கி வைத்த பத்தாயிரம் ரூபாயைக் கொண்டு, அவ்வாண்டு அக்டோபரில் ஐந்து மாணவியருடன் பாகல்பூரில் பள்ளி தொடங்கினார் ரொக்கையா. குடும்பச் சொத்துப் பூசலால் அவ்வூரைவிட்டு நீங்க நேர்ந்தது. மனந்தளராமல் கல்கத்தா சென்று, 1911 மார்ச் 16 அன்று எட்டு மாணவியருடன் சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளியை மீண்டும் தொடங்கினார்.

அவர் ஒரு நாளும் பள்ளி சென்று படித்தவர் அல்லர். ஆகவே நகரிலிருந்த பிற பெண்கள் பள்ளிகளுக்குச் சென்று, வகுப்பு நடத்தும் முறைகளைக் கவனித்துக் கற்றார். வீடு வீடாகச் சென்று, பெண்ணை அனுப்புங்கள் என்று பெற்றோரிடம் மன்றாடினார். அவர்களுடைய நம்பிக்கையைப் பெறுவதற்காகத் தாமும் பர்தா அணிந்தார். கல்வி கற்பது ஆண், பெண் இருபாலார்க்கும் கடமை என்று தம் இஸ்லாமிய சமயமே கூறுவதை எடுத்துரைத்தார். மொழிப் பாடங்களோடு தையல், முதலுதவி, நோயாளரைப் பேணுதல், உடற்பயிற்சி ஆகியவையும் அங்குக் கற்பிக்கப்பட்டன.

மாணவியரை அழைத்துவர ஒரு பஸ் அமர்த்தினார். கோஷாவுக்காக அதை நாற்புறமும் அடைத்திருந்ததால், காற்றும் வெளிச்சமுமின்றிச் சிறுமியர் மயங்கி விழுந்தனர். அடைப்பை எடுத்துவிட்டுத் திரைச்சீலை போட்டார். காற்றில் திரை பறக்கிறது, பெண்கள் வெளியே தெரிகிறார்கள் என்று கண்டனக் கடிதங்கள் வந்தன! திரையைக் கட்டினால் குழந்தைகளுக்கு மூச்சு முட்டும். கட்டாவிட்டால் பள்ளியே மூடப்படும். வான ஊர்தியைக் கனவு கண்டவர், ஒரு பள்ளி பஸ்ஸின் திரைக்காக இவ்வளவு போராட வேண்டியிருந்தது. ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. 1915-இல் 84 மாணவியரைக் கொண்டிருந்த அப்பள்ளி, 1930 அளவில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது.

பிற பணிகள்

1916-இல் முஸ்லிம் பெண்களுக்கென ஒரு சங்கம் நிறுவி, ஏழைப் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் உதவினார். 1924-இல் வெளிவந்த பத்மராக் நாவலில், பல சமயப் பெண்கள் ஒன்றுகூடிப் பள்ளியும் மருத்துவ இல்லமும் தொழிற்கூடமும் நடத்தும் ஓர் இல்லத்தைப் படைத்தார். இம்முறை அவர் கற்பனை வேற்று நாட்டுக்குப் போகவில்லை. வங்காள மண்ணிலேயே நின்றது. 1931-இல் நூலாக வெளிவந்த அபரோதபாசினியில், கோஷாவினால் பெண்கள் பட்ட துன்பங்களை 47 நிகழ்ச்சிகளாக எழுதினார். முஸ்லிம் குடும்பங்களோடு இந்துக் குடும்பங்களின் நிகழ்ச்சிகளும் அதில் உண்டு.

1932 டிசம்பர் 9 அன்று அவர் கல்கத்தாவில் இறைவனடி சேர்ந்தார். பெண்களின் உரிமை பற்றி அவர் எழுதத் தொடங்கியிருந்த கட்டுரை முற்றுப்பெறாமல் மேசைமீது இருந்தது. வங்காள தேசத்தில் டிசம்பர் 9 ரொக்கையா நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவர் எட்டு மாணவியருடன் தொடங்கிய பள்ளி, அரசுப் பள்ளியாகக் கல்கத்தாவில் இன்றும் நடைபெறுகிறது.

அன்புத் தோழியரே! பெண்ணாடு எந்த வரைபடத்திலும் இல்லை. எனினும் அந்நாட்டின் ஒரு பகுதியைக் கல்கத்தாவின் ஒரு சிறு சந்தில், எட்டுச் சிறுமியர் அமர்ந்த ஓர் அறையில், ரொக்கையா அம்மையார் மெய்யாகவே எழுப்பிக் காட்டினார். நாம் நாள்தோறும் புத்தகப் பையுடன் வெளிச்சத்தில் நடந்துவரும் பாதை, அவர் போன்றோர் கனவில் கண்ட பாதையே. கதை நூலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் புதிய நாடுகளைக் காண்போம். அங்குக் கண்ட நன்மையில் ஒன்றையேனும் நம் ஊருக்குக் கொண்டுவர முயல்வோமாக!