நெருப்பு மலையைவிட்டு அகலாத ரமணர்

ஆகாயத்தில் பறந்தபடி எரிமலை பார்ப்பது இப்போது பெரிய வேடிக்கை. ஹவாய் தீவில் கிலாவியா என்று ஓர் எரிமலை இருக்கிறது. அதைச் சுற்றி ஹெலிகாப்டர் வட்டமிடும். உள்ளே இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்; படம் எடுப்பார்கள். சற்று நேரத்தில் திரும்பிவிடுவார்கள்.

தமிழ்நாட்டிலும் ஒரு நெருப்பு மலை உண்டு. அதுதான் திருவண்ணாமலை! அங்கே நெருப்புக் குழம்பு இல்லை, புகையும் இல்லை. வெறும் பாறை மலைதான். ஆனால், சிவபெருமான் நெருப்புத் தூணாக நின்றார், அதுவே குளிர்ந்து மலை ஆயிற்று என்கிறது புராணம்.

அந்த மலையைத் தேடி வந்த ஒரு சிறுவன், திரும்பிப் போகவே இல்லை. அவர்தான் ரமண மகரிஷி.

3 ரூபாய்

ரமணர் 1879-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி திருச்சுழியில் பிறந்தார். இயற்பெயர் வெங்கட்ராமன். தந்தை சுந்தரமய்யர், தாய் அழகம்மாள். 12 வயதில் தந்தை இறந்தார். மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார்.

1896-ம் ஆண்டு ஒரு நாள், தான் சாகப்போவதாகத் திடீரென்று அவருக்குத் தோன்றியது. உடம்பு செத்தாலும் ‘நான்’ சாகவில்லை என்று உணர்ந்தார். அன்று முதல் படிப்பில் மனம் செல்லவில்லை.

ஆகஸ்டு 29-ந் தேதி, அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்ட வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டார். ஒரு கடிதம் எழுதி, மீதி 2 ரூபாயை அதோடு வைத்தார். ரெயில் ஏறிவிட்டார்.

வழியில் பணம் தீர்ந்தது. நடந்தார். காதில் கிடந்த கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். மிஞ்சிய காசை அய்யங்குளத்தில் எறிந்தார். அப்போது அவருக்கு வயது 16.

கோவிலில் பாதாள லிங்கம் இருந்த இருட்டு அறையில் உட்கார்ந்தார். எறும்பும் பூச்சியும் தொடையைக் கடித்துப் புண்ணாக்கின. அது அவருக்குத் தெரியவில்லை.

தாய் வந்தாள்

பெற்ற மனம் சும்மா இருக்குமா? மகன் இருக்கும் இடம் தெரிந்ததும், 1898-ம் ஆண்டு அழகம்மாள் மூத்த மகனுடன் ஓடி வந்தாள். பவளக்குன்றில் சடை முடியும் அழுக்கு உடம்புமாக இருந்த பிள்ளையைக் கண்டு கதறினாள். வீட்டுக்கு வரும்படி நாள்தோறும் கெஞ்சினாள்.

மகன் வாய் திறக்கவில்லை. நடப்பது நடந்தே தீரும், மவுனமாக இருப்பதே நல்லது என்ற கருத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தார். தாய் அழுதுகொண்டே ஊர் திரும்பினாள்.

பிறகு ரமணர் மலை மீதுள்ள விருபாட்ச குகையில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1907-ல் காவ்யகண்ட கணபதி முனிவர்தான் அவருக்கு ரமண மகரிஷி என்று பெயர் சூட்டினார்.

மகன் வரவில்லை, அதனால் தாயே மலைக்கு வந்தாள். 1916-ம் ஆண்டு முதல் மகனோடு தங்கி, அங்கிருந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டாள்.

1922-ம் ஆண்டு மே 19-ந் தேதி, தாய் மரணப் படுக்கையில் கிடந்தாள். ஒரு கையைத் தாயின் தலையிலும், மறு கையை நெஞ்சிலும் வைத்தபடி ரமணர் உட்கார்ந்தார். இரவு உயிர் பிரியும் வரை அவர் எழுந்திருக்கவில்லை. அன்று பேசாமல் தாயை அனுப்பிய மகன், கடைசி நாளில் அவளைத் தனியே விடவில்லை.

தாயின் சமாதி மலை அடிவாரத்தில் அமைந்தது. அதன் அருகிலேயே ரமணரும் தங்கினார். அந்த இடமே ரமணாசிரமம் ஆயிற்று. வெளிநாட்டவரும் தேடி வந்தனர்.

பிரியாத மலை

1926-ம் ஆண்டு வரை அவர் அடிக்கடி மலையைச் சுற்றி நடந்தார். சுற்று வழி சுமார் 14 கிலோ மீட்டர். சுமார் 54 ஆண்டுகள் அவர் அந்த மலையைப் பிரிந்ததே இல்லை.

கையில் தோன்றிய புற்றுநோயால் 1950-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி இரவு ரமணர் காலமானார். அந்த நேரத்தில் வானத்தில் ஓர் ஒளி மலையை நோக்கி நகர்ந்ததைப் பலர் பார்த்தனர்.

அழைத்துப்போக வந்த தாயும், போக மறுத்த மகனும் இன்று அந்த மலை அடிவாரத்தில் பக்கத்துப் பக்கத்தில் துயில்கிறார்கள்.