தனித்து நின்ற கீர்க்ககாட்

இருப்பியல்வாதம் என்றதும் பிரெஞ்சு அறிஞர் சார்த்தரே நம்மிற் பலருக்கு நினைவில் வருவார். அதனால் அது கடவுளை மறுக்கும் தத்துவமென்று பெரியோர் சிலர் ஐயுறுவதும் உண்டு. ஆயின், அதற்கு வித்திட்டவர் கடவுளையே வாழ்நாளெல்லாம் எண்ணி உருகிய ஒருவர். டென்மார்க்கு நாட்டவரான சோரன் கீர்க்ககாட் என்பார் அவர்.

1813 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆம் நாள், கொப்பன்கேகன் நகரில் ஏழு பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்தார். தந்தையார் கம்பளி வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். மனவமைதி மட்டும் இல்லாதவர். சிறுவயதில் ஆடு மேய்த்துத் திரிந்த நாளில், பசியும் குளிரும் தாங்காது கடவுளைச் சபித்தவர் அவர். அப்பாவம் தம் குடும்பத்தைத் தொடரும் என்று முதுமையிலும் அஞ்சினார். 1834 முடிவதற்குள் மனைவியும் பிள்ளைகள் ஐவரும் இறந்தனர். பீற்றரும் சோரனுமே எஞ்சினர். இவ்வீட்டின் துயரம் சோரனை இறுதிவரை விடவில்லை.

1840 இல் ரெஜீனா ஒல்சன் என்னும் மங்கையோடு அவருக்கு மணம் நிச்சயமாயிற்று. அடுத்த ஆண்டே மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்பு குறைந்தமையாலன்று, தம் உள்ளத்து இருள் அவள்மேலும் படியலாகாதென எண்ணினார் போலும். பெண்ணின் பக்கம் நின்று பார்ப்பின், இது கொடுமையே.

1843 இல் புனைபெயர்களில் அவர் நூல்கள் வெளிவரலாயின. அவற்றுள் ஒன்று, மகனைப் பலியிடத் துணிந்த ஆபிரகாமைப் பற்றியது. சிறுத்தொண்டர் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்நூலின் நடுக்கம் எளிதில் விளங்கும். ஆபிரகாம் தம் செயலை எவருக்கும் விளக்க இயலாது. ஊரும் நீதிநூலும் துணைவாரா. இறைவன் முன் அவர் தனியொருவர். நம்பிக்கை என்பது அத்தகைய தனிமையில் ஒருவன் தானே மேற்கொள்ளும் துணிவு என்பதே கீர்க்ககாடின் கொள்கை.

1846 இல் நகைச்சுவை ஏடொன்று அவர் காற்சட்டையைக் கேலிப்படமாக்கியது. தெருவில் நடப்பதே அவருக்குத் தொல்லையாயிற்று.

அக்காலத்தில் அந்நாட்டுக் குருமார் அரசாங்கச் சம்பளம் பெற்றனர். பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் அளித்ததும் அது கிறிஸ்தவக் கணக்கிற் சேர்ந்துவிடும். பிறப்பினால் வருவது சமயமாகுமா என்று கேட்டார் கீர்க்ககாட். 1854 இல் மறைந்த தலைமைப் பிஷப்பை உண்மையின் சாட்சி என்று பின்வந்தவர் புகழ, அவர் பொறுமை இழந்தார். 1855 இல் சிறு வெளியீடுகள் ஒன்பது வெளியிட்டுத் திருச்சபையைத் தாக்கினார். பத்தாவது அச்சேறுமுன் தெருவில் விழுந்தார்.

மருத்துவமனையில், குருவானவர் கையால் நற்கருணை பெற மறுத்தார். சாதாரண விசுவாசி ஒருவர் தந்தால் ஏற்பேன் என்றார். அது நடவாமையால் பெறாமலே இருந்தார். குருவாயிருந்த தமையன் பீற்றரையும் காணவில்லை. நவம்பர் 11 ஆம் நாள், 42 ஆவது வயதில் இறந்தார்.

ஆயினும் திருச்சபை அவரை விடவில்லை. நகரின் பெரிய தேவாலயத்தில் பீற்றரே இரங்கலுரை நிகழ்த்தினார். இடுகாட்டில், சகோதரியின் மகனான மருத்துவர் ஒருவர் எழுந்து, மாமனாரின் விருப்பத்திற்கு மாறாக நடக்கும் இச்சடங்கை யாவரும் கேட்கக் கண்டித்தார். அதற்காக அவருக்குப் பின்னர் அபராதம் விதிக்கப்பட்டது.